மீட்டர் போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்குகள்: டயர் கண்காணிப்பு, ஏபிஎஸ், இஎஸ்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கும்போது ஷோரூமில் டிபிஎம்எஸ், ஏபிஎஸ், இபிடி, இஎஸ்சி என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். நாமும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு சாவியை வாங்கி வந்துவிடுவோம். அப்புறம் ஒரு நாள் ராத்திரி நெடுஞ்சாலையில் மஞ்சளாக ஒன்று எரியும். நிறுத்துவதா, ஓட்டுவதா என்று தெரியாது. சொந்தக்காரர்களும் நண்பர்களும் அப்படி வழியில் நின்றுகொண்டு என்னிடம் போனில் கேட்ட கேள்விகள்தான் இங்கே இருப்பவை.

குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி. அது என்ன விளக்கு?

டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று சொல்லும் விளக்கு. அந்தப் படம் லாடம் இல்லை, டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும் வடிவம். இதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டைத்தான் டிபிஎம்எஸ் என்கிறார்கள். கார்களில் இது முதலில் வந்தது 1986-ல், போர்ஷே 959-ல். எல்லா வண்டிக்கும் வந்ததற்குக் காரணம் ஒரு பெரிய சோகம். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடிய ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்திலேயே பிய்ந்து, வண்டிகள் உருண்டு, பலர் இறந்தார்கள். அதன் பிறகு 2000-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 2008 மாடல் கார்கள் முதல் இந்த எச்சரிக்கை அங்கே கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம்.

விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்ட வேண்டுமா?

உடனே செய்ய வேண்டியது வேகத்தைக் குறைப்பது. சட்டென்று பிரேக் போடாதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்டியரிங் கனக்கிறதா, தட்தட்டென்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தியே ஆக வேண்டும். எதுவும் இல்லையென்றால் மெதுவாக அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம்.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க விதிப்படி, இருக்க வேண்டிய காற்றில் 25 சதவீதம் குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டிய டயர் 25-க்கு வந்த பிறகுதான் அது வாயைத் திறக்கும். 28 பிஎஸ்ஐ-யில் நீங்கள் மாதக்கணக்கில் ஓட்டினாலும் விளக்கு எரியாமல் இருக்கலாம். அந்த 28-லேயே டயரின் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி மடங்கிச் சூடாகிறது, ஓரங்கள் தேய்கின்றன, மைலேஜ் குறைகிறது. விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து டயர் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். திண்டிவனம் தாண்டி வந்துகொண்டிருந்தோம். திரையில் நான்கு டயருக்கும் எண் காட்டும் வண்டி. மூன்று டயர் 36, பின் இடது மட்டும் 33. விளக்கு எரியவில்லை, 33 என்பதும் சரியான எண்தான். ஆனால் கிளம்பும்போது நான்கும் ஒன்றாக 33-ல் இருந்தவை. ஓடிய சூட்டில் மூன்று ஏறியிருக்க, ஒன்று மட்டும் ஏறவில்லை. நிறுத்தி டயரைக் கையால் தடவிப் பார்த்தபோது, பட்டன்களுக்கு, அதாவது டயரின் மேல் எழும்பி நிற்கும் ரப்பர் கட்டிகளுக்கு, நடுவில் ஒரு ஸ்க்ரூவின் தலை, தேய்ந்து வெள்ளியாக மின்னிக்கொண்டு, ரப்பரோடு ரப்பராக உட்கார்ந்திருந்தது. எச்சில் தொட்டு வைத்தேன். சின்னதாக ஒரு குமிழி வந்தது. எண் காட்டும் வண்டி வைத்திருப்பவர்கள் நான்கையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் இருந்தால் அந்த ஒன்றில் ஏதோ இருக்கிறது.

கிளம்பும்போது ஒரு நிமிஷம் மின்னிவிட்டு அப்புறம் நிலையாக எரிகிறது. காற்று சரியாகத்தானே இருக்கிறது?

பெரும்பாலான வண்டிகளில் அது வேறு செய்தி. மின்னாமல் நேராக எரிந்தால் காற்று குறைவு. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் மின்னிவிட்டு நின்று எரிந்தால் கண்காணிக்கும் அமைப்பிலேயே கோளாறு. சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம், சென்சார் உடைந்திருக்கலாம், அல்லது சென்சார் இல்லாத ஸ்டெப்னி மாட்டியிருக்கலாம். அதைச் சரிசெய்யும்வரை டயரை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் வண்டியில் விளக்கு மட்டும்தான். அண்ணன் வண்டியில் ஒவ்வொரு டயருக்கும் எண் வருகிறது. ஏன் இந்த வித்தியாசம்?

இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. எண் காட்டும் வண்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கு உள்ளேயும், வால்வின் அடியில், தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு சென்சார் இருக்கும். அது காற்றழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். வண்டி நிற்கும்போது பேட்டரியைச் சேமிக்கத் தூங்கிவிடும், சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் விழித்துக்கொள்ளும். அதனால்தான் காலையில் வண்டியை எடுத்ததும் எண் இல்லாமல் வெறும் கோடு தெரிகிறது. கொஞ்சம் தூரம் ஓட்டினால் வந்துவிடும். உள்ளே இருக்கும் பேட்டரி ஐந்திலிருந்து பத்து வருஷம் வரை வரும். தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டும்.

விளக்கு மட்டும் உள்ள பல வண்டிகளில் டயருக்குள் ஒன்றுமே கிடையாது. ஏபிஎஸ்-க்காக, அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்புக்காக, சக்கரங்களில் வைத்திருக்கும் வேக சென்சார்களை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். காற்று குறைந்த டயர் கொஞ்சம் அமுங்கும், அதனால் மற்ற மூன்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைப் பிடித்துத்தான் விளக்கு எரிகிறது. இதில் ஒரு பலவீனம் உண்டு. நான்கு டயரிலும் மாதக்கணக்கில் ஒரே மாதிரி காற்று இறங்கினால் ஒப்பிட ஆள் இல்லை, அதனால் ஏமாந்துபோகலாம். புது வண்டிகளில் டயரின் அதிர்வையும் சேர்த்துப் பார்த்து இதை ஓரளவு சமாளிக்கிறார்கள்.

காற்று நிரப்பிவிட்டேன். விளக்கு அணையவே இல்லையே?

உள்ளே சென்சார் இருக்கும் வண்டி என்றால் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள், தானே அணையும். சென்சார் இல்லாத வகை என்றால் ரீசெட் செய்ய வேண்டும். அதற்கான பட்டனோ திரையில் ஒரு மெனுவோ இருக்கும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள், தயவுசெய்து கவனியுங்கள். ரீசெட் என்பது விளக்கை அணைக்கும் பட்டன் இல்லை. "இப்போது டயரில் இருக்கும் காற்றுதான் சரியான காற்று" என்று வண்டிக்குக் கற்றுக்கொடுக்கும் பட்டன். காற்று குறைந்திருக்கும்போது எரிச்சலில் அதை அழுத்தினால் வண்டி அந்தக் குறைந்த காற்றையே சரியென்று எடுத்துக்கொள்ளும். முதலில் நான்கிலும் காற்று, பிறகு ரீசெட். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

சரி, எவ்வளவு காற்று அடிப்பது? பங்க்கில் கேட்டால் 35 போடு என்கிறார்கள்.

பங்க்கில் கேட்க வேண்டாம். டிரைவர் கதவைத் திறந்தால் கதவு மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். இரண்டு பேர் போனால் எவ்வளவு, ஐந்து பேரும் சாமானும் என்றால் எவ்வளவு, முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று அதில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்காதீர்கள்.

ஸ்டிக்கரில் இருப்பது ஆறிய டயருக்கான கணக்கு. மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஓரிரு கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் ஆறியதும் குறைந்துபோய் நிற்கும்.

மார்கழி மாதம் காலையில் விளக்கு எரிகிறது. பத்து மணிக்கு மேல் அணைந்துவிடுகிறது. கோளாறா?

கோளாறு இல்லை. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி குறைந்தால் டயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். உங்கள் டயர் எல்லைக்கோட்டில் நிற்கிறது, காலைக் குளிர் அதைக் கோட்டுக்குக் கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான். வெயிலடித்து விளக்கு அணைந்தாலும் காற்று குறைவுதான். அடித்துவிடுங்கள். மதியம் சென்னையில் காற்று அடித்துக்கொண்டு ராத்திரி ஊட்டி போய்ச் சேருகிறவர்களுக்கும் இதே கதைதான்.

நைட்ரஜன் அடித்தால் நல்லதா?

அடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒரு முறை சாதாரணக் காற்றைச் சரிபார்ப்பவருக்கு நைட்ரஜன் தேவையில்லை.

பஞ்சர் கடையில் சென்சார் உடைந்துவிட்டது. யார் மேல் தப்பு?

தப்பு யார் மேல் என்பதைவிட, அடுத்த முறை உடையாமல் பார்ப்போம். டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும்போது மெஷினின் அலகு டயரின் ஓரத்தை அழுத்தும். சென்சார் வால்வுக்கு நேர் கீழே இருக்கிறது. அலகு வால்வுக்குப் பக்கத்தில் இறங்கினால் படக்கென்று போய்விடும். எனக்கும் ஒரு ரோட்டோரக் கடையில் அப்படித்தான் போனது. மெஷினை ஓட்டியவர் நல்ல வேலைக்காரர், ஆனால் உள்ளே சென்சார் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் வண்டியை விட்டு இறங்கியதும் முதல் வார்த்தையே "அண்ணே, வால்வுல சென்சார் இருக்கு, அந்தப் பக்கம் அலகு வைக்காதீங்க" என்பதுதான். அதைச் சொன்னால் போதும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் சென்சாரின் துளையை அடைக்கலாம். அவசரத்துக்கு ஊற்றினால் பிறகு கடையில் சொல்லித் துடைக்கச் சொல்லுங்கள்.

புது வண்டியில் ஸ்டெப்னியே தரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. 2020 அக்டோபரிலிருந்து இந்திய விதி இதை அனுமதிக்கிறது. டியூப்லெஸ் டயர், பஞ்சர் ஒட்டும் கிட், டிபிஎம்எஸ் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆனால் பக்கச்சுவர் கிழிந்தால் கிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ராத்திரிப் பயணம் அதிகம் செய்கிறவர்கள் வாங்கும்முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய ஸ்டெப்னி தந்திருந்தால் அதன் மேலேயே வேக வரம்பு எழுதியிருக்கும், பெரும்பாலும் 80 கி.மீ.

சடன் பிரேக் போட்டேன். பெடல் காலை உதைத்தது, கடகடவென்று சத்தம். பயந்து காலை எடுத்துவிட்டேன்.

நிறைய பேர் செய்வது இதுதான். அது பிரேக் உடைந்த சத்தம் இல்லை, ஏபிஎஸ் வேலை செய்யும் சத்தம். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கப் போகிறது என்று தெரிந்ததும் அது பிரேக்கை விட்டு விட்டு, நொடிக்குப் பல முறை பிடிக்கிறது. அந்தத் துடிப்புத்தான் பெடல் வழியே உங்கள் பாதத்துக்கு வருகிறது. காலை எடுக்காதீர்கள். முழு பலத்தோடு மிதித்தபடியே இருங்கள், ஸ்டியரிங்கைத் திருப்பி விலகப் பாருங்கள். பூட்டிக்கொண்ட சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது, சுற்றும் சக்கரம் கேட்கும். ஏபிஎஸ் நமக்குத் தரும் பெரிய வரம் இதுதான்.

பழைய ஆட்கள் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கு அது சரி. 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் வந்த பிறகு அந்த வேலையை வண்டியே செய்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். ஆளில்லாத, ஈரமான, நேர் ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் ஒரு தடவை வேண்டுமென்றே அழுத்திப் பாருங்கள். அந்த உதறலை ஒருமுறை கால் பழகிவிட்டால், நிஜமான அவசரத்தில் பயந்து விலகாது.

ஏபிஎஸ் இருந்தால் வண்டி சீக்கிரம் நிற்குமா?

ஈரத் தார் ரோட்டில் பெரும்பாலும் ஆமாம். சரளைக்கல், மணல் என்றால் கூடுதல் தூரம்கூட ஓடும். டெல்டாவில் அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே நெல்லையும் வைக்கோலையும் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் எந்த அமைப்பாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, டயர் தரையையே தொடவில்லையே. 100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறோம். கால் பிரேக்குக்குப் போகும் முன்பே அந்தத் தூரம் கடந்துவிடும்.

இபிடி?

பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரங்கள் லேசாகின்றன. ஏற்றியிருக்கும் சுமைக்கு ஏற்ப முன்னும் பின்னும் பிரேக்கைப் பங்கிட்டுக் கொடுப்பது இபிடி. ஏபிஎஸ்ஸோடு சேர்ந்தே வரும்.

இஎஸ்சி என்பது என்ன? அவ்வளவு முக்கியமா?

என்னைக் கேட்டால், சீட் பெல்ட்டுக்கு அடுத்தபடி வண்டியில் இருக்க வேண்டியது இதுதான். சன்ரூஃபுக்குக் காசு கொடுக்கும் முன் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டியரிங்கை நீங்கள் எவ்வளவு திருப்பியிருக்கிறீர்கள் என்று ஒரு சென்சார் பார்க்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று இன்னொன்று பார்க்கிறது. நொடிக்கு 25 முறை இரண்டையும் ஒப்பிடுகிறது. நீங்கள் கேட்டது ஒரு திசை, வண்டி போவது வேறு திசை என்றால், ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து வண்டியை இழுத்துவரும். வளைவில் வண்டியின் பின்பக்கம் வெளியே வீசினால் வெளிப்பக்க முன் சக்கரத்தில் பிடிக்கும். திருப்பியும் திரும்பாமல் நேராகப் போனால் உள்பக்கப் பின் சக்கரத்தில் பிடிக்கும். எவ்வளவு கெட்டிக்கார டிரைவராக இருந்தாலும் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட முடியாது, நமக்கு இருப்பது ஒரே பெடல்.

1995-ல் இது முதலில் மெர்சிடிஸில் வந்தது. விலை உயர்ந்த வண்டிக்கு மட்டும் என்று இருந்ததை மாற்றியது 1997-ல் ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனை. ரோட்டில் திடீரென்று மூஸ் என்ற பெரிய காட்டுமான் குறுக்கே வந்தால் ஒடித்துத் திருப்புவது போல மெர்சிடிஸ் ஏ கிளாஸ் என்ற சிறிய காரை ஒரு பத்திரிகைக்காரர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். கார் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்தச் சிறிய கார் எல்லாவற்றிலும் இதை இலவசமாகப் பொருத்தினார்கள். நம் ஊரில் மூஸ் இல்லை, ஆனால் நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலிருந்து ஆடு இறங்கும், மாடு இறங்கும், எதிர்த்திசையில் பைக் வரும். நாம் ஸ்டியரிங்கை ஒடிப்பது அதே மாதிரிதான்.

பெயர் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டொயோட்டாவில் விஎஸ்சி, ஹோண்டாவில் விஎஸ்ஏ, பிஎம்டபிள்யூவில் டிஎஸ்சி, பலவற்றில் இஎஸ்பி. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனையில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்க இது இருந்தாக வேண்டும்.

கார் சறுக்கிப் போகிற மாதிரி படம், மழையில் மின்னுகிறது. என்ன செய்வது?

ஆக்சிலேட்டரில் காலைத் தளர்த்துங்கள். மின்னினால் இஎஸ்சி அந்த நொடியில் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். மின்னாமல் நிலையாக எரிந்தால் அது அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது பழுது. ஒரே பயணத்தில் நாலைந்து தடவை மின்னினால் ஒன்று வேகம் அதிகம், இல்லையென்றால் டயர் தேய்ந்திருக்கிறது. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காக இருக்கும் சின்ன மேடுகள் 1.6 மில்லிமீட்டரைக் குறிக்கும். ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்தால் டயரை மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலத்துக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும், அப்போது ஏபிஎஸ்ஸும் இஎஸ்சியும் பிடித்துக்கொள்ள ரோடே இருக்காது. இவை எல்லாம் செய்வது கை அகலமுள்ள நான்கு ரப்பர் துண்டுகளின் பிடியைச் சரியாகப் பங்கு போடுவதுதான். இல்லாத பிடியை உண்டாக்க இவற்றால் முடியாது.

இஎஸ்சி ஆஃப் பட்டன் எதற்கு?

கடற்கரை மணலிலோ வயல் சேற்றிலோ சிக்கினால் சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் வெளியே வரும். அதோடு வரும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் சுழலவே விடாது. அப்போது அணைத்து, வெளியே வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள்.

மலை இறக்கத்தில் இதெல்லாம் காப்பாற்றுமா?

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கை மிதித்தே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏபிஎஸ், இஎஸ்சி இரண்டும் வேலை செய்வது அதே பிரேக்கை வைத்துத்தான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. ஓட்டலாமா?

அது மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், ஏபிஎஸ் இருக்காது. நிதானமாக ஓட்டி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பல நேரம் சக்கரத்தின் வேக சென்சாரில் சேறு அல்லது எலி கடித்த ஒயர். ஆனால் அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வண்டியை நிறுத்திவிடுங்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், இபிடியும் போயிருக்கலாம். அங்கிருந்து டோ செய்துதான் எடுத்துப் போக வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறேன். இவற்றை எப்படிச் சோதிப்பது?

சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏபிஎஸ், இஎஸ்சி, ஏர்பேக், டிபிஎம்எஸ் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும், சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் இருந்தால் பழுது என்று தெரிந்துவிடும். எரியவே இல்லையென்றால்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும், விற்பதற்காக யாரோ விளக்கின் இணைப்பை எடுத்திருக்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் வருஷம் பழையது என்றால், நான்கு புது டயரின் விலையைப் பேசிய தொகையில் கழித்துக் கேளுங்கள்.